மழை காணாத சதுரம்

வீட்டை இழுத்துக்கொண்டு போவது
எங்கள் தீவில் புதிய செய்தியல்ல.
மிங்கா என்போம்.
மரத்தடிகளை உருளவிட்டு, எருதுகளைப் பூட்டி,
சிலோயேயில் நாலு பேர் கூடினால்
அடுப்போடு சேர்ந்து வீடு நகரும்.
கூலி கிடையாது.
ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, ஆப்பிள் மது.

ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள், பௌதிலியோ.
நீ கேட்கவில்லை.

அந்த வாசலில்தான் அப்பா வந்து நின்றார்,
பதினேழு வருடம் பதகோனியாவில்
அடுத்தவர் ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்துவிட்டு,
அடுத்தவள் ஒருத்திக்குப் புருஷனாகவும் இருந்துவிட்டு,
நுரையீரல் கெட்டபின்.
தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.
ஜன்னலைத் திறந்தேன். கதவைத் திறக்கவில்லை.
"அம்மா இல்லை" என்றேன்.
உண்மைதான், அவள் செத்து ஆறு வருடம்.

அண்ணன் நோல்பெர்த்தோ அவரைத் தன் வீட்டுக்கு
அழைத்துப்போனான். அங்கேயே முடிந்தது.
பெட்டியை இந்த வழியாகத்தான் தூக்கிப்போனார்கள்,
இந்தக் கதவைப் பார்க்காமல்.
அன்றிலிருந்து அவனுக்கு நான் காற்று.

நீ விதைக்கிழங்கு கேட்டு வந்தவன்.
போகும்போது கதவை,
தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் சாத்தினாய்.
யார் கதவை அறைந்து அறைந்து
உன்னை வளர்த்தார்கள் என்று
ஒரு குளிர்காலம் கழித்துத்தான் சொன்னாய்,
அதுவும் அடுப்பைப் பார்த்து.
உன் முதுகில் பெல்ட் எழுதியதை
அதற்கு முன்பே இருட்டில்
விரலால் படித்திருந்தேன்.

மறந்துவிடு, மன்னித்துவிடு என்று நீ சொன்னதில்லை.
"உன் வாசல் வடக்கே பார்க்குது, எதெல்மிரா.
புயல் எல்லாம் அங்கிருந்துதான் வருது.
என் நிலத்துல இடம் இருக்கு.
திருப்பி வைப்போம்."
நீ கல்யாணம் கேட்ட விதம் அது.

சனிக்கிழமை. ஆறு ஜோடி எருதுகள்.
வீடு முனகியது, ஒரு முழம் நகர்ந்தது, நின்றுவிட்டது.
அப்போது மேட்டிலிருந்து இறங்கியது ஏழாவது ஜோடி.
நோல்பெர்த்தோ.
யாரும் சொல்லி அனுப்பவில்லை.
என்னைப் பார்க்கவில்லை, நுகத்தடியைப் பார்த்தான்,
"இப்படியா கயிறு கட்டுவாங்க?" என்று
பொதுவாகத் திட்டினான்.
பதினோரு வருடத்தில் அவன் குரல்
அப்பாவுடையதாகியிருந்தது.

சாப்பாட்டின்போது என் பக்கம் கை நீட்டி
"உப்பு" என்றான்.
கொடுத்தேன்.
அதற்குமேல் எதையும் இதில் ஏற்றிச் சொல்லமாட்டேன்.

சாயங்காலம் தனியே திரும்பி வந்தேன்.
வீடு இருந்த இடத்தில்
வெளிறிய மண், சதுரமாய்.
ஒரு கரண்டி. ஒரு கோலி. எலியின் எலும்புகள்.
மழை ஓயாத தீவில்
நாற்பது வருடம் மழை காணாத தரை.

நீ பின்னால் வந்து நின்றாய்.
தூறல் தொடங்கியது.
மண் குடிக்கவில்லை,
குடிக்க மறந்திருந்தது.
துளிகள் புழுதி பூசிக்கொண்டு
மணி மணியாய் உருண்டன.

"நேரமாகும்" என்றாய்.

ஆகட்டும்.