நீர் உடையும் இடம்

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
வெளியே நாற்பத்தாறு டிகிரி,
தொட்டிக்குள் ஐம்பத்தைந்து.
நிக்கல் உப்பு கரைந்த நீர்
இரவு ஃபார்மசி விளக்கின் பச்சை.

துணிப்பை கட்டிய டைட்டானியக் கூடையில்
நிக்கல் துண்டுகள். அது நேர்மின்வாய்.
கம்பியில் தொங்கும் பித்தளைக் குழாய்கள்
எதிர்மின்வாய்.
ரெக்டிஃபயரைத் திருகினால்
அங்கே ஓர் அணு
இரண்டு எலக்ட்ரானைக் கழற்றி வைத்துவிட்டு
நீரில் இறங்குகிறது.
இங்கே ஒன்று இரண்டை வாங்கிக்கொண்டு
உலோகமாகி உட்காருகிறது.
அதே அணுவாக இருக்கவேண்டியதில்லை.
இத்தனை ஆம்பியர், இத்தனை நிமிடம்,
இத்தனை எடை. கணக்கு தவறாது.

"அந்தக் கூடைதான் நாம்" என்பார் அறைத்தோழர் செலஸ்டின்.
"இங்கே கரைகிறோம், எங்கோ எவரோ மின்னுகிறார்."
அழகான பேச்சு.
ஆனால் வந்தபின் நான் ஆறு கிலோ கூடியிருக்கிறேன்.
செலஸ்டினும்தான்.

இருபது நிமிடத்தில் ஏறுவது
தலைமுடியில் ஐந்திலொரு பங்கு தடிமன்.
அது எதையும் மறைக்காது.
பஃபிங்கில் ஷாநவாஸ் விட்ட கீறல்
மினுங்குகிற கீறலாகும், அவ்வளவுதான்.

அதனால்தான் காரத்தில் கழுவி, நீரில் கழுவி,
அமிலத்தில் முக்கி, மறுபடி நீர்.
பிறகு தூக்கிப் பார்க்கவேண்டும்.
உடையாமல் ஒரே படலமாய் வழிந்தால் சுத்தம்.
எங்காவது நீர் விலகித் துளியாய்த் திரண்டால்
அங்கே எண்ணெய்.

செவ்வாய்க்கிழமை நான் பார்க்கவில்லை.
ஃபோன் அதிர்ந்தது. கையுறையைக் கழற்றினேன்.
சம்பளம் ஏறிவிட்டது.
அந்தக் கையாலேயே
குழாயின் கழுத்தைப் பிடித்து மாட்டினேன்.

நிக்கல் நிறம் கேட்ட ஹோட்டலுக்குப் போன
நானூற்றுப் பன்னிரண்டில்
ஒன்று மட்டும் திரும்பி வந்தது.
ஃபோர்மேன் பிஜு விளக்கடியில் திருப்பினார்:
கழுத்தில் உப்பி உரிந்த இடத்தில்
வரிவரியாய் ஒரு பெருவிரல்,
குறுக்கே வெட்டுத் தழும்பு.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
நான் கையைக் காட்டினேன்.

ஐடி கார்டு ஆபீசில்
மெஷின் மூன்று தடவை
தெரியவில்லை, மறுபடி வை என்ற விரல்.
நிக்கலுக்கு ஒரே தடவை போதுமாயிருந்தது.

நாற்பது திர்ஹம் பிடித்தார்கள்.
வயர்களை இடம் மாற்றினோம்.
குழாய் இப்போது நேர்மின்வாய்.
கந்தக அமிலத்துக்குள்
வந்தவழியே கிளம்பியது நிக்கல்,
ரேகையோடு, லேசான பச்சையாய்.

மறுபடி பூசிய அந்தக் குழாய்
ஏதோ ஒரு மாடியில் இருக்கிறது.
திறக்கிற விரல் எல்லாம் அதில் பதியும்.
பதினொரு மணிக்கு ரூம்பாய் வருவான்,
ஒரு துணி போதும் அவனுக்கு.