உறையும் நேரம்

களியக்காவிளையில் பஸ் நிற்கும்போதெல்லாம்
பெர்சிலா அக்கா
புறங்கையைத் திருப்பிப் பார்க்கிறாள்.
நேற்றில்லாத ஊதாப் புள்ளி.

என் இடது கிட்னி அவளுக்குப் பொருந்துகிறது.
திருவனந்தபுரத்து டாக்டர்தான் தயங்குகிறார்:
பிளேட்லெட் இருபத்திரண்டாயிரம்,
ஐம்பது தாண்டாமல் கத்தி வைக்க மாட்டாராம்.

எனக்குத் தெரிந்தது ரப்பர் கத்தி.
விடியுமுன் முந்நூறு மரம் வெட்டுவேன்.
சிரட்டை நிறையும்; வெயிலேறினால்
வெட்டின்மேல் ஒட்டுப்பால்
தானே உறைந்து மூடிக்கொள்ளும்.
தட்டில் ஊற்றிய பாலுக்கோ
ஒரு மூடி ஆசிட் போதும்.

அக்கா பல் தேய்த்துத் துப்பினால்
வாஷ்பேசின் சிவக்கிறது.

ஸ்டீராய்டில் முகம் வீங்கி
ஆதார் அட்டையில் இருப்பவள் வேறொருத்தி.
இன்றைய சீட்டில் முப்பத்தொன்பது.

பாறசாலை தாண்டும்போது சொன்னாள்:
"அத பத்திரமா வச்சுக்கலே.
சாராயம் கீராயம் தொடாத."

தொட்டதேயில்லை என்று
அவளுக்குத் தெரியும்.