தராசின் முதுகு

மேக்கணக்கின் தராசுக்கு ஒரு பக்கம்தான் முகம்.
அது எப்போதும் அழகேந்திரனைப் பார்த்திருக்கும்.
எங்களுக்கு அதன் முதுகு,
முதுகில் பாதி உரிந்த ஒரு ஸ்டிக்கர்.
பதினொரு வருசம் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான்
என் கொழுந்தின் எடையைத் தெரிந்துகொண்டேன்.

மழை நாளில் தண்ணிக்கு மூன்று கிலோ.
வெயில் நாளில் சாக்குக்கு இரண்டு.
இரண்டும் இல்லாத நாளில் "முத்தல் இலை" என்பார்,
காதில் சொருகிய பேனாவை எடுத்தபடி.
பதினெட்டு வந்தால் முழுப்பேர்.
எனக்குப் பதினேழரை வருகிற நாட்கள் அதிகம்,
அது எப்படியோ.

தலைவரிடம் சொன்னேன்.
தீபாவளி முற்பணம் வரட்டும், பிறகு பேசுவோம் என்றார்.
தீபாவளி வந்தது, போனது,
முற்பணமும் கழிபட்டு முடிந்தது.

அதனால் ஏழாம் நம்பர் மலையில்
நானே ஒத்திகை பார்த்தேன்.
கை தன் பாட்டுக்குக் கொழுந்து பறிக்க
வாய் தேயிலைத் தூர்களிடம் பேசியது.
மூன்று வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன்.
ஒன்றில் சட்டம் இருந்தது,
ஒன்றில் ஐயா இருந்தது,
மூன்றாவதில் என் மகனின் பள்ளிச் சப்பாத்து.
கெண்டைக்காலில் ஏறிய அட்டையிடமும் சொன்னேன்,
சவர்க்காரம் தேய்ப்பதற்கு முன்.
அட்டை பரவாயில்லை.
குடித்த அளவு அதன் உடம்பிலேயே தெரியும்.

செவ்வாய்க்கிழமை. தூறல்.
ட்ரக்டர் உறுமிக்கொண்டு நின்றது.
சாக்கைக் கொக்கியில் மாட்டினேன்.
"அதைக் கொஞ்சம் திருப்புங்க."
"என்ன?"
அந்த நேரம் பார்த்து டிரைவர் எஞ்சினை நிறுத்தினான்,
பீடி பற்ற வைக்கத்தான், வேறொன்றுக்குமில்லை.
நான் இரண்டாம் முறை சொன்னது
வரிசை முழுவதற்கும் கேட்டுவிட்டது.
"தராசைத் திருப்புங்க."

மலையையே திருப்பச் சொன்னதுபோல் பார்த்தார்.
"எதுக்கு?"
சட்டம் வரவில்லை. ஐயா வரவில்லை.
சப்பாத்தும் வரவில்லை.
"பாக்கணும்" என்றேன்.
"பாத்தா வெளங்குமா?"
"ஓ.எல். கணக்குக்கு எனக்கு சி."

யாரோ சிரித்தார்கள்.
என்னைப் பார்த்தா அவரைப் பார்த்தா,
இன்று வரை தெரியாது.

ஒற்றை விரலால் திருப்பினார்.
அவ்வளவு லேசாக இருந்தது அது.
பதினொரு வருசம் நான் நினைத்திருந்தது
சிமெந்து போட்டுப் பதித்தது என்று.
சிவப்பு எழுத்தில் இருபதரை.
அவர் "தண்ணி" என்று முணுமுணுத்து
பத்தொன்பது எழுதினார்.
ஒன்றரை கிலோ தண்ணீர்.
போகட்டும், தூறல்தானே.

எனக்குப் பின்னால் அன்னபாக்கியம்.
நிரையில் நாள் முழுக்க நின்றாலும்
நாலு வார்த்தை பேசாதவள்.
அன்றும் பேசவில்லை.
சாக்கை மாட்டிவிட்டுச் சுற்றி வந்து
அழகேந்திரனின் தோளுக்குப் பக்கத்தில்
எண்ணைப் பார்த்தபடி நின்றாள், வெற்றிலை மென்றுகொண்டு.

அன்றிரவு ரொட்டிக்கு மா பிசைய முடியவில்லை,
கை அப்படி நடுங்கியது.
"தண்ணி கூடிப்போச்சு" என்றான் மகன்.
தண்ணி என்ற சொல்லைக் கேட்டுச் சிரித்தேன்,
பிறகு அழுதேன். அவனுக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலைப் பிரட்டில் என் பேருக்கு
பன்னிரண்டாம் நம்பர் மலை.
குளவிக்கூடு இருக்கிற மலை.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.
ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடிகிறது என்னால்.

இப்போது மத்தியான நிறுவைக்கு
சாக்கோடு இறங்கி வருகிறேன்.
பாதை வழுக்குகிறது.
கித்துள் மரத்து வளைவு தாண்டினால்தான்
தராசு தெரியும்,
முகமா, முதுகா.
முதுகாக இருந்தால்
அந்த ஒரு சொல் இருக்கிறது.
இன்னும் பழகவில்லை அது.
வாயில் பாக்குப்போல் கடினமாகக் கிடக்கிறது,
ஓரமாகக் கடித்துக்கொண்டு நடக்கிறேன்.