ரெண்டரை

அட்டையில் எண் இல்லை.
இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் நடுவில்
அவசரமாய் வந்த டிஸ்க்.
மண்டபத்துப் பையன்கள் ரெண்டரை என்றார்கள்.
நானும் மார்க்கரில் அப்படியே எழுதினேன்.

பாதி மைதானம் பழைய மைதானம்,
வானத்தின் நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள்.
கதை டிவியில் வந்ததுதான்.
அடி விழும், சத்தம் பிறகு வரும்.
சண்டைக்கு நடுவே ஆள் மாற்றிக்கொள்ளலாம், அது புதுசு;
மாற்றினால் சில சமயம் இரண்டு பேருமே காணாமல் போவார்கள்.
மற்றதுக்கு மணிக்கு முப்பது ரூபாய்.
இதற்கு இருபது.

பாம்பன் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவைத்த வருஷங்கள்.
புதுப்பாலம் வெறும் தூண்களாய் நின்றது.
ராமேஸ்வரம் போகிற சனம்
மூட்டையோடு இங்கேயே இறங்கி பஸ்ஸைத் தேடும்.
பஸ் வரும்வரைக்கும் என்று உள்ளே வந்த ஒரு ஏட்டையா
ரெண்டரையில் மூன்று தரம் தோற்று
பஸ்ஸையும் விட்டார்.

தடைக்காலம் அறுபத்தோரு நாளும்
தங்கச்சிமடத்திலிருந்து ஜெர்சின் வந்தான்,
விரலிடுக்கில் படகுப் பெயிண்டோடு.
அவன் எடுப்பது ஒரே ஆள்:
குடைக்காரி.
தொடரில் இல்லை, மங்காவில் இல்லை,
இந்த ஒரு டிஸ்க்குக்கென்றே செய்த பெண்.
பெயர் ஜப்பான் எழுத்தில்.
வருகிற அடியைக் குடைக்குள் வாங்கி
ஒரு மூச்சு கழித்துத் திருப்பிக் கொடுப்பாள்.
முந்தினால் குடை கிழியும்.
பிந்தினால் அவளே விழுவாள்.
அந்த ஒரு மூச்சு
ஜெர்சினுக்கு மட்டும் தெரியும்.

மூன்றாம் பாகம் ஷார்ஜாவிலிருந்து
என் தம்பி பெட்டியில் வந்தது,
பேரீச்சம்பழத்துக்கும் தைலத்துக்கும் இடையில்.
அடியும் சத்தமும் சேர்ந்தே விழுந்தன.
மாற்றினால் மாறினார்கள்.
ஐம்பத்திரண்டு பேர்.

கடலுக்குப் போய்த் திரும்பிய ஜெர்சின்
பட்டியலை மேலும் கீழுமாக உருட்டினான்.
பேசவில்லை.
நாயகனை எடுத்தான்.
பழக்கத்தில் விரல் பழைய பொத்தான்களுக்குப் போக,
நாயகன் வெறுங்கையால் அடியை வாங்கி
ஒரு மூச்சு கழித்துத்
திருப்பிக் கொடுத்தான்.

"சபூராக்கா, இது அவளோடது."

அப்போது ஜெயித்துக்கொண்டிருந்தான்.
ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டு எழுந்து போனான்.

பிறகொரு நாள் சாயங்காலம் புதுப்பாலத்தில்
பயணிகள் இல்லாமல் ஒரு எஞ்சின் சோதனைக்குப் போனது.
பார்க்க ஓடினார்கள், கடை காலி.
ரெண்டரையைத் தேடியெடுத்துப்
பற்பசை தேய்த்துத் துடைத்தேன். கீறல் போகவில்லை.
ஓடியது.
இத்தனை வருஷம் காசு வாங்கிப் போட்டதோடு சரி,
விளையாடியதில்லை.
குடைக்காரியை எடுத்தேன்.
எதிராளி கை ஓங்கினான்.

முந்திவிட்டேன்.