ஒன்பதுகள் எழுதுகிறவன்

காலை ஏழரைக்கு என் வேலை தொடங்கும்.
மஞ்சள் மார்க்கரை உதறிக்கொண்டு
கார்களின் நெற்றியில் ஒன்பதுகள் எழுதுவேன்.
வாலைக் கொஞ்சம் சுழித்துவிடு,
சிரிக்கிற மாதிரி இருக்கணும்
என்பார் முதலாளி ஹார்லன்.
வட கரோலினா, லம்பர்ட்டன், நெடுஞ்சாலை ஓரம்.
எண்பத்திரண்டு கார்கள்,
எண்பத்திரண்டு சிரிப்பு.

நான் எழுதுவது விலை இல்லை.
கூப்பிடும் சத்தம், அவ்வளவுதான்.
வெறுங்கையை மடக்கி ஆட்டினாலும்
கோழி கிட்டே வரும்.

விலை உள்ளே இருக்கிறது,
கண்ணாடி அறையில்,
நாலு கட்டம் போட்ட தாளில்.
முன்பணம் ஒரு கட்டம், மாதத் தவணை ஒரு கட்டம்,
கொடுக்கிற பழைய வண்டிக்கு ஒரு கட்டம்.
நாலாவது கட்டத்தின் மேல்
கையை ஊன்றிக்கொண்டே பேசுவார்கள்.

வெர்லீன் ஆக்ஸன்டைன்
மார்ச் மாதம் மழையோடு வந்தாள்.
கோழி ஆலையில் இரவுமுறை.
பதினொரு வருடம் இறக்கை வெட்டியதில்
வலக்கையில் இரண்டு விரல் நிமிராது.
அந்த மடங்கிய விரலாலேயே
தாளில் வரி வரியாய் இறங்கினாள்.
ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து.
அதற்குக் கீழே
காகிதக் கட்டணம் எழுநூறு.
கண்ணாடியில் எண் பொறித்த கூலி முந்நூறு.
இருக்கையில் கறை பிடிக்காமலிருக்கப் பூச்சு
(கறை ஏற்கெனவே இருந்தது).
சக்கரத்துக்கு நைட்ரஜன், நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
சுண்டைக்காய் எங்கே போனதென்று தெரியவில்லை,
சுமைகூலி மட்டும்
ஏறிக்கொண்டே போனது.

சிகரெட் பிடிக்க வெளியே வந்தவள் என்னைக் கேட்டாள்:
"நைட்ரஜனை யார் அடிக்கிறது?"
"நான்தான்."
"எதிலேருந்து?"
கொட்டகையைப் பார்த்தேன்.
துரு ஏறிய கம்ப்ரசர் ஒன்று.
அதில் இருப்பது
லம்பர்ட்டன் மொத்தமும் மூச்சு விடும் காற்று.
பொய் சொல்லவில்லை நான்.
உண்மையையும் சொல்லவில்லை.
"மூடி பச்சையாக இருக்கும்" என்றேன்.
நூறு மூடி பன்னிரண்டு டாலர், பையோடு வரும்.

மழையிலேயே குந்தினாள்.
நாலு சக்கரத்திலும் திருகிக் கழற்றினாள்.
ஹார்லனின் மேசையில் கொண்டுபோய்ச்
சோழி உருட்டுவதுபோல் உருட்டினாள்.
"இந்தா உன் நைட்ரஜன். காசைக் கழி."

கழித்தார். சிரித்துக்கொண்டே கழித்தார்.
பெரிய மனசு எனக்கு என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.
அறுபது மாதத்தை எழுபத்திரண்டாக்கும்போது
பேனா சத்தமே போடவில்லை.
அவள் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது.
ஆலைக்குப் பேருந்து கிடையாது.
இதுவரை ஏற்றிப்போனவள் வேறு ஊருக்குக் குடிபோகிறாள்.
போட்டாள் கையெழுத்தை,
ஒன்பது இடத்தில்.

சாவி கைமாறியதும்
கண்ணாடியைத் துடைத்துவிடுவது என் வேலை.
வாளியும் துணியுமாய்ப் போனேன்.
மழை விட்டிருந்தது.
"துடைக்காதே" என்று கையை நீட்டினாள்.
கேட்பது மார்க்கரை என்று புரியக்
கொஞ்ச நேரமானது.

சட்டைக் கையால் ஈரத்தை ஒற்றிவிட்டு
என் ஒன்பதுகளுக்குக் கீழே
இருநூற்று முப்பத்து நாலை
எழுபத்திரண்டால் பெருக்கினாள்.
மடங்கிய விரலில் மார்க்கர் நிற்க மறுத்தது.
எழுத்து கோணல்.
கணக்கு கோணல் இல்லை.
16,848.

அப்படியே ஓட்டிக்கொண்டு போனாள்.
மறுநாள் பெட்ரோல் பங்க்கில் பார்த்தார்களாம்.
ஞாயிற்றுக்கிழமை பாப்டிஸ்ட் சர்ச் வாசலில்.
பிறகு ஆலையின் வாசலில், இரவுமுறை மாறும் நேரம்,
நானூறு பேர் நடக்கிற வழியில்.
ஊர் ஒன்றும் பொங்கி எழவில்லை.
அந்த வாரம் வந்தவர்களில் இரண்டு பேர் மட்டும்
உட்காருவதற்கு முன்பே சொன்னார்கள்,
கையை எடுங்கள் முதலில்.

மார்க்கரை அவள் திருப்பித் தரவில்லை.
வெள்ளிக்கிழமை என் சம்பளச் சீட்டில்
புதிதாக ஒரு வரி:
மார்க்கர், நாலு டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட், கழிவு.
அச்சில் வந்த ஒன்பதுகள்,
வால் சுழியாதவை.