ஏழாம் வகுப்பு, வெள்ளி கடைசிப் பீரியட்

தமிழ் டீச்சர் மகப்பேறு விடுப்பில் போக
செய்யுள் என் தலையில் விழுந்தது.
நான் அறிவியல்.
தவளையின் இதயத்துக்கு மூன்று அறை,
இது தூக்கத்திலும் வரும்.
தளை எத்தனை என்றால்
புத்தகம் பார்த்துத்தான் ஏழு என்பேன்.

கேத்தி பாலாடா. பதினொரு பிள்ளைகள்.
ஜன்னலுக்குக் கீழே கேரட் கழுவும் மெஷின்
நாள் முழுக்க உருளும்.
செம்மண் தண்ணீர் ஓடைக்குப் போகும்.

முதல் வாரம் வெண்பா.
நேர் என்றால் ஒரு தட்டு, நிரை என்றால் இரண்டு.
மேசை அதிர்ந்ததுதான் மிச்சம்.
தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து
'என்ன, எக்ஸ்பெரிமென்டா?' என்றார்.
அவர் போனதும் யோகேஸ்வரன்
நோட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்:

காட்டெருமை வந்திருக்கு கேட்டருகே மேய்கிறது
கூட்டுக்குள் பாடம் எதற்கு

எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.
நான் மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஏழு சீர். தளை தட்டவில்லை. ஈற்றில் பிறப்பு.
கேட்டருகே நிஜமாகவே நின்றது எருமை,
கொம்பில் ஒரு முட்டைக்கோஸ் இலையோடு.

அடுத்த வாரம் ஹைக்கூ.
'மூணு வரிக்கு மூணு மார்க்கா டீச்சர்?'
சுகந்தினி அடித்து அடித்து
தாள் கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில் எழுதினாள்:

மூடுபனி
பள்ளி வேனின் ஹாரன் மட்டும்
வளைவில் திரும்புகிறது

இன்னும் ஒரு சொல் சேர்க்கச் சொல்ல வாயெடுத்தேன்.
நல்ல வேளை, மணி அடித்தது.

அதற்கடுத்து வடிவக் கவிதை.
பட்டாம்பூச்சி இரண்டு, மலை ரயில் நாலு, இதயம் ஒன்று
(யாருக்கென்று கேட்கவில்லை).
தர்ஷன் போஜன் வரைந்தது கேரட்.
மேலே அகலமாக விதை, உரம், லாரி வாடகை, மண்டி கமிஷன்.
இறங்க இறங்கச் சுருங்கி
நுனியில் ஒரே எழுத்து: ரூ.
நான் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.

நான்காம் வாரம் அந்தாதி.
ஒருவர் முடித்த சொல்லை அடுத்தவர் எடுக்கணும்,
கடைசி ஆள் சுற்றிக் கொண்டுவந்து
முதல் சொல்லில் முடிக்கணும்.
'தண்ணி' என்று எடுத்துக் கொடுத்தது நான்தான்.

தண்ணி இல்லை, குழாயில் காத்து
காத்து அடிச்சா பறக்கும் கூரை
கூரை மேல குரங்குக் குடும்பம்
குடும்பம் மொத்தமும் போறது மெஷின்
மெஷின் நின்னாத்தான் அம்மாவுக்குத் தூக்கம்
தூக்கத்துலயும் கேரட்டைத் தேய்க்கும் கை

ஏழாவது, சுமந்தி ஓராவோன்.
ஜார்க்கண்டிலிருந்து வந்து இரண்டு வருடம்.
பெயரேட்டில் யாரோ அவளைச் சுமதி ஆக்கியிருக்கிறார்கள்.
மூன்று வாரமும் வெள்ளைத் தாளையே
நாலாய் மடித்துக் கொடுத்தவள்
இப்போது எழுந்து நின்றாள்.

கை விட்டா ஐஸ் மாதிரி பானி

அடுத்த மூச்சிலேயே ஜெபசீலன்:
பனி விழுந்தா கருகும் உருளைச் செடி.

யாரும் நிறுத்தவில்லை. நானும்தான்.
செடி எங்கெங்கோ படர்ந்து
பதினொன்றாவது பிள்ளை அதை
எப்படியோ இழுத்துவந்து தண்ணியில் கட்டினாள்.
கைதட்டல். மெஷின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை.

பையை மாட்டிக்கொண்டு சுமந்தி மேசைக்கு வந்தாள்.
'அவன் தப்பா எடுத்தான் டீச்சர்.
பானின்னா தண்ணி.'

அவள் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன்.
ஏழாவது வரியிலேயே வட்டம் கூடிவிட்டது.
எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை.
மீதி நாலு பேரும்
மூடிய வளையத்தின் மேலேயே ஓடியிருக்கிறோம்.
இப்படி நேர்ந்தால் அதற்கு என்ன பெயரென்று
யாப்புப் புத்தகத்தில் தேடினேன். இல்லை.
பெயரேட்டை எடுத்து
ம-வுக்கும் தி-க்கும் நடுவில்
ஒரு ந் செருகினேன். இடம் போதவில்லை,
சற்றுச் சாய்ந்து நிற்கிறது.

திங்கள் காலை, பிரேயருக்கு முன்,
புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் வெள்ளை.
குழாயடியில் ஜெபசீலன் கத்துகிறான்:
'ஏ சுமந்தி, பானி பனியாயிருச்சு!'
அவள் ஒரு குச்சியால்
குழாயின் வாயைத் தட்டிப் பார்க்கிறாள்.
ஒரு தட்டு.
பிறகு இரண்டு.