வாளி

பாளையங்கோட்டைக் காப்பகத்து வரைபடத்தில்
'துடைப்ப அறை' என்றுதான் எழுதியிருந்தேன்,
மாடிப்படிக்கு அடியில் மிஞ்சிய முக்கோணத்தை.

திறந்து பதினோராம் நாள்
வாளியை வெளியே எடுத்து வைத்துவிட்டு
அதற்குள் உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி.
பெயரை எழுதக் கூடாது. நாலு வயசிருக்கும்.
செருப்பைக் கழற்றவில்லை.

நான் மஞ்சள் பூசிய விளையாட்டுக்கூடம்
சும்மா வெயில் காய்ந்தது.

குனிந்து, மண்டிபோட்டு,
கடைசியில் படுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது:
கதவிடுக்கு வழியே கேட்.
வருகிறவர்களின் கால்கள்.

தரையிலிருந்து ஒன்றேகால் அடியில்
ஜன்னல் குறித்தேன்.
"எலி எட்டிப் பாக்கதுக்கா சார்?" என்றார் மாசானம் கொத்தனார்.
பிறகு அவரே படுத்துப் பார்த்தார்.
சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை சட்டம் பதித்தோம்.
புதன்கிழமையே அவளைச்
சித்தி செங்கோட்டை ரயிலில் கூட்டிப் போயிருந்தாள்.

நேற்றுப் போனேன்.
வாளி வெளியே இருந்தது.
கதவைத் தொடாமல் திரும்பினேன்.